திருத்துந் தொழில் இரண்டு

ஈழத்துத் தமிழர் நாவிற் பயிலும் சொற்களுள் 'திருத்தம்' என்பது ஒன்று. ஆசிரியர் மாணவரின் விடைத்தாளைத் திருத்துகின்றார். கடைக்காரர் பழுதுற்ற சைக்கிளைத் திருத்துகின்றார். கமக்காரர் காடு வெட்டி நிலத்தைத் திருத்துகின்றார். தொழில்கள் வேறாயினும் சொல் ஒன்றே. கோணியதை நேராக்குதல் என்னும் பொருள் இவை யாவற்றிற்கும் பொதுவாதலின் முன்னோர் ஒரு சொல்லையே போதுமெனக் கொண்டனர் போலும். இருபது ஆண்டுகளாக விடைத்தாள் திருத்திவரும் யாம், இயந்திரந் திருத்தும் ஒருவரிடத்தே இச்சொல்லின் முழுப் பொருளையும் கண்டோம். கண்டதை இவ்விழா மலரின் வாயிலாகப் பழைய மாணவர்க்கும், பயிலும் மாணவர்க்கும், உடனாசிரியர்க்கும் உரைக்க விழைகின்றோம்.

தமிழாசிரியர்க்கும் இயந்திரத்திற்கும் உறவு யாதெனச் சிலர் வினவலாம். க.பொ.த. உயர்தர வகுப்பில் 2013 ஆம் ஆண்டு தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பெற்றமை யாவரும் அறிந்ததே. அப்பிரிவு மாணவர் சிலர் ஒருநாள் எம்மை அணுகி, 'முசலம்' என்றால் என்னவென்று கேட்டனர். முசலம் என்பது உலக்கை என்றோம். உலக்கைக்கும் இயந்திரத்திற்கும் என்ன தொடர்பு என்று அடுத்த வினா எழுந்தது. பொருளைக் கண்ணாற் காணாது சொல்லை மட்டும் விளக்குதல் நிறைவாகாதெனக் கருதி, அம்மாணவரையும் உடனழைத்துக்கொண்டு, கண்டி வீதியிற் பாலையூற்றுக்கு அண்மையில் உள்ள ஒரு சிறிய வேலைத்தலத்திற்குச் சென்றோம்.

அதனை நடத்துபவர் எம் கல்லூரியின் பழைய மாணவர். எம்மிடம் தமிழ் கற்றவர். பெயரைக் கூறின் நாணுவர்; ஆதலிற் கூறாது விடுகின்றோம். தண்ணீர்ப் பம்பி முதலாக எது வரினும் பார்ப்பார். ஆயினும், வளியுருளைகளைப் பிரித்துப் புதுக்குதலே அவருக்குக் கைவந்த கலை. அவர்தம் பாட்டனார் துறைமுகத்துக் கடற்படைத் தளத்திற் பொருத்துநராயிருந்தவர். பிரித்தானியர் அத்தளத்தை 1957 ஆம் ஆண்டு இலங்கையிடங் கையளித்தபோது, பாட்டனாரோடு வெளிவந்தவை ஒரு பெட்டி ஆயுதங்களும் ஒரு தலைமுறைத் தொழிலறிவும் ஆகும்.

வளியை ஏவல் கொள்ளுதல் எம் துறைமுகத்திற்குப் புதிதன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்குத் தங்கிய நீர்மூழ்கிக் கப்பல்கள், அமுக்கிய வளியைத் தம் நீர்த்தொட்டிகளுட் செலுத்தி, நீரை வெளியே தள்ளியே மேலெழுந்தன. 1927 ஆம் ஆண்டு திருகோணமலைக்குப் புகையிரதம் வந்தபோது, பெட்டிகளின் அடியிலே வெற்றிடத் தடுப்புக்குரிய உருளைகளும் உடன் வந்தன. அவை வளியை அகற்றிய வெற்றிடத்தாலும் வெளிவளியின் அமுக்கத்தாலும் இயங்குவன. பின்னர் 1980 ஆம் ஆண்டளவிற் பிரிமா மாவாலையும், அதனையடுத்து ரோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலையும் குடாவின் கரையில் எழுந்தன. இத்தகைய பேராலைகளில் மட்டுமன்றி, பேருந்தின் கதவிலும், தெருவோரத்து ரயர்க் கடையிலும் இன்று வளியுருளை உழைக்கின்றது. துறைமுகத்தைச் சார்ந்து வாழும் எம் மாவட்டத்தார் பலர் அதன் உழைப்பில் உண்பவர். அதன் உள்ளே இருப்பதைக் கண்டவரோ சிலர்.

உள்ளே இருப்பது எளியதொன்றே. இரு முனையும் மூடிய ஓர் உருளை. அதனுள்ளே ஏறியிறங்கும் ஒரு வட்டத் தட்டு. அதனொடு பிணைந்து மூடியைத் துளைத்து வெளிவரும் ஒரு பளபளப்பான தண்டு. தட்டைப் பாடநூல் முசலம் என்னும். வேலைத்தலம் பிஸ்ரன் என்னும். உரலுள் உலக்கை இயங்குமாறு உருளையுள் அஃது இயங்குதலின் பெயர் பொருத்தமுடையதே. ஒரு பக்கத்தால் வளி புகுந்தால் தண்டு நீளும். மறுபக்கத்தாற் புகுந்தால் மீளும். தட்டைச் சூழ்ந்தும், தண்டு வெளிவரும் வாயிலிலும், வளி கசியாவண்ணம் இறப்பர் வளையங்கள் உள்ளன. இவற்றையே 'சீல்' என வழங்குவர். வாயிலின் வெளிப்புறத்தில் தூசியை வழித்தெறியும் வளையம் வேறொன்றும் உண்டு.

இதன் வலிமையைக் கணக்கிட்டுப் பார்க்குமாறு மாணவரை எம் பழைய மாணவர் பணித்தார். உள்விட்டம் 5 சென்ரிமீற்றர் எனின், தட்டின் பரப்பு ஏறத்தாழ 19.6 சதுர சென்ரிமீற்றர். வளியின் அமுக்கம் 6 பார். அஃதாவது சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 6 கிலோகிராம் நிறை. ஆகவே கைப்பிடியளவே பருமனுள்ள அவ்வுருளை ஏறத்தாழ 120 கிலோகிராம் நிறையைத் தள்ளும்; இரண்டு சீமெந்து மூடைகளைத் தூக்கி எஞ்சிய வலியும் அதற்குண்டு. வெறுங் காற்று என்று நாம் இகழ்வது இத்துணை வலிது.

வளியின் செயலைத் தமிழர் ஆராயாது விட்டாரல்லர். தொல்காப்பியத்து எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலாகிய பிறப்பியல், உடலுள் எழும் வளி நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று, பல், இதழ், நா முதலிய உறுப்புக்களால் தடையுற்றும் திரிந்தும் எழுத்தொலியாகப் பிறத்தலை முறைப்படக் கூறும். தடையின்றேல் எழுத்தில்லை. உருளையிலும் அவ்வாறே, அடைப்பின்றேல் வேலையில்லை. கொல்லன் உலையின் தோல் துருத்தியும் சங்கச் சான்றோர்க்கு நன்கு தெரிந்ததே. ஏழூர்க்குப் பொதுவாக ஓரூரில் அமைந்த உலையின் துருத்தி ஓய்வின்றி வருந்துதலை, ஆற்றாது நோகும் நெஞ்சிற்கு உவமையாக்கிய குறுந்தொகைப் பாட்டொன்றைக் கற்றோர் அறிவர். நிலாவெளியிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் வந்து குவிந்திருந்த உருளைகளைக் கண்டபோது அந்த ஏழூர்த் துருத்தியே எம் நினைவில் எழுந்தது.

இனி, இவ்வுருளைக்குப் பகையாவன யாவை? முதலாவது நீர். கடலோர வளியில் ஈரலிப்பு மிகுதி. வெப்பம் 30 பாகை செல்சியசாகவும் சாரீரப்பதன் 80 விழுக்காடாகவும் உள்ள நாளில், ஒரு கன மீற்றர் வளியிலே ஏறத்தாழ 24 கிராம் நீராவி கலந்திருக்கும். அமுக்கம் மிகக் கனவளவு சுருங்கும் என்பதை 1662 ஆம் ஆண்டு பொயில் என்பார் வெளியிட்டார். அவ்விதிப்படி வளியை எட்டிலொரு பங்காகச் சுருக்கி மீண்டும் ஆறவிட்டால், அந்நீராவியிற் பெரும்பகுதி, அஃதாவது 20 கிராம், நீராக இறங்கும். நிமிடத்திற்கு 200 லீற்றர் வளியை உறிஞ்சும் சிறியதொரு கொம்பிறசர் 8 மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 2 லீற்றர் நீரைத் தொட்டியிலுங் குழாயிலும் சேர்த்துவிடும். தொட்டியின் அடியிலுள்ள திருகைத் திறந்து நாடோறும் அதனை வடிக்காவிடின், அந்நீர் உருளையுட் புகும். உருக்கைத் துருப்பிடிக்கச் செய்யும். உள்ளேயிருக்கும் கிறீசையும் கழுவி அகற்றும்.

இரண்டாவது தூசி. மாத்தூசி நீரொடு கூடினாற் பசையாகும். சீமெந்துத் தூசி கூடினாற் கல்லாகும். மூன்றாவது உப்பு. கடற்காற்றின் உப்புப் படிந்த தண்டிலே, குரோமியப் பூச்சின் நுண்ணிய வெடிப்புக்களூடே துரு கிளம்பும். ஊசிமுனையளவு குழி ஒன்று விழுந்தால், தண்டு வருந்தோறும் போகுந்தோறும் அஃது அரமாக நின்று சீலை அராவும். நான்காவது, இவையனைத்தினுங் கொடியது, பக்கச் சுமை. உருளை நேராகத் தள்ளுதற்கே பிறந்தது. அது பொருத்தப்பட்ட ஆணி தேய்ந்தாலும், பீடம் சற்றே சாய்ந்தாலும், தண்டு ஒருபுறமாக நெருக்குண்ணும். நெருக்குண்ட புறம் முதலிலே தேயும்.

"சேர், சீல் போய்விட்டது என்று எல்லாரும் வருகிறார்கள். சீல் ஏன் போனது என்று ஒருவரும் கேட்பதில்லை" என்றார் எம் பழைய மாணவர். அவர் தொழிலின் உயிர்நிலை இக்கூற்றிலே உள்ளது. இதற்கு எடுத்துக்காட்டாக அவர் கூறிய செய்தியொன்றை ஈண்டுத் தருகின்றோம்.

2022 ஆம் ஆண்டு எம் நாடு பட்ட பாட்டை யாவரும் அறிவர். ஏப்பிரல் மாதத்தில் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துதலை அரசு நிறுத்தியது. அந்நியச் செலாவணி இன்மையால் உதிரிப் பாகங்கள் வருதல் அரிதாயிற்று. அந்நாளிலே ரயர்க் கடைக்காரர் ஒருவர், சில்லிலிருந்து ரயரைக் கழற்றும் பொறியின் பெரிய உருளையை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவரும் இரு வேலையாட்களும் அப்பொறியை நம்பியே வாழ்ந்தனர். வேறோரிடத்தில் இருமுறை சீல் மாற்றியாயிற்று. ஒவ்வொன்றும் மூன்று கிழமையே நின்றது. மூன்றாவது சீல் வாங்கக் கொழும்பிலும் கிடைக்கவில்லை. புதிய பொறி வாங்கும் வசதி அவர் கனவிலும் இல்லை.

எம் பழைய மாணவர் உருளையை உடனே பிரித்தாரல்லர். கடைக்கே சென்று, பொறி நின்ற இடத்தையும், உருளை பூட்டப்பட்டிருந்த ஆணியையும், கொம்பிறசரையும் முதலிற் பார்த்தார். ஆணி நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. கொம்பிறசரின் அடித்திருகு திறக்கப்படாமலே துருவேறி இறுகியிருந்தது. நோய் எங்கே பிறந்தது என்பது உருளையைத் தொடாமலே பாதி தெரிந்துவிட்டது. வேலைத்தலத்திற் பிரித்துப் பார்த்தபோது மறுபாதியும் தெரிந்தது. உருளையின் ஒருபுறத்தில் மட்டும் நீளக் கீறல்கள். எதிர்ப்புறம் கண்ணாடி போல் இருந்தது. தண்டைத் தடித்த கண்ணாடிப் பலகைமேல் உருட்டியபோது, அடியிலே ஒளி ஓரிடத்திற் புகுந்தும் ஓரிடத்தில் மறைந்தும் தோன்றியது; தண்டு வளைந்திருந்தது.

அவர் புதுக்கிய முறையை மாணவர் நலங் கருதி வரிசையாகக் கூறுகின்றோம். வளிக்குழாயை மூடிக் கழற்றுதலும், வால்வை இருபுறமும் இயக்கி உள்ளே அடைபட்ட வளியை வெளியேற்றுதலும் முதற்கருமம். 20 சென்ரிமீற்றர் விட்டமுடைய அவ்வுருளை 8 பார் அமுக்கத்தில் ஏறத்தாழ 2500 கிலோகிராம் நிறைக்கு ஈடாகத் தள்ளுமாதலின், அதன் மூச்சு முற்றும் அடங்குமுன் கைவைப்பவன் விரலை இழப்பான். அடுத்து, மூடிகளும் உருளையும் எவ்வாறு பொருந்தியிருந்தன என்பதைக் காட்டும் அடையாளக் கோடு இடுதல். பின்னர்ப் பிணைப்புத் தண்டுகளை ஒன்றற்கொன்று எதிராக, சிறிது சிறிதாகத் தளர்த்துதல். பழைய சீலைக் கூரிய இரும்பாற் கிளறாது, மழுங்கிய பித்தளைத் துண்டால் எடுத்தல். இரும்பு தவிடிற் சீல் இருந்த பள்ளமே கீறுண்ணும். அதன்பின், கீறல்மீது நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பார்த்தல். நகம் தடைப்பட்டால் உருளை உதவாது. வழுக்கிச் சென்றால் தேய்ப்புக் கல்லால் மெல்லத் தேய்த்து மீட்கலாம். அன்று நகம் வழுக்கியது.

வளைந்த தண்டிற்குப் பதிலாக, பழைய இரும்புக் கடையிற் கிடந்த பெரியதொரு வாகனத்தின் அதிர்ச்சிதாங்கித் தண்டைக் கடைந்து பொருத்தினார். தேய்ந்த ஆணிக்குப் புதிய ஆணியும், அது சுழலும் துளைக்கு வெண்கலப் புறணியும் செய்தார். எஞ்சியது சீல் ஒன்றே. அங்கேதான் பாட்டனாரின் பெட்டி உதவிற்று. இறப்பர் பரவுதற்கு முன்னர் பொருத்துநர் தோலினாலேயே கிண்ண வடிவச் சீல் செய்தனர். பதனிட்ட தோலை நீரில் ஊறவைத்து, மர அச்சில் அழுத்திக் கிண்ணமாக்கி, நிழலில் உலர்த்தி, விளிம்பைச் செதுக்கி, கொழுப்பும் மெழுகும் ஊட்டித் தட்டிலே பூட்டினார். கிண்ணத்தின் வாய் வளி வரும் திசையை நோக்கியிருத்தல் வேண்டும். அப்பொழுதே வளி அதனை விரித்து உருளைச் சுவரோடு அணைக்கும். மாறிப் பூட்டினால் வளியே அதனை ஒதுக்கிவிட்டு ஓடிவிடும். ஈற்றில், குறைந்த அமுக்கத்தில் இயக்கி, இணைப்புக்களிற் சவர்க்கார நீர் தடவிக் குமிழி எழுகின்றதா என நோக்கினார். எழவில்லை.

உருளையைக் கொடுத்தனுப்பும்போது கடைக்காரரிடம் அவர் ஒன்றையே வேண்டினார்: நாடோறும் கடை பூட்டுமுன் கொம்பிறசரின் அடித்திருகைத் திறந்து நீரை வடித்தல் வேண்டும் என்பதே அது. அந்தத் தோற் சீல் இரண்டு ஆண்டு உழைத்தது. மூன்று கிழமைக்கும் இரண்டு ஆண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு சீலின் விலையினாலன்று. காரணத்தைத் தேடிச் சென்ற சில மணி நேரத்தினால் வந்ததாகும்.

இவ்வளவில் நின்றிருப்பின் இஃது இயந்திரக் கதையாகவே முடிந்திருக்கும். அவ்வேலைத்தலத்திற் பதினெட்டு வயதுடைய இளைஞன் ஒருவன் எம் மாணவர்க்குக் கருவிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றான். மூதூர்ப் பக்கத்தான். வேறொரு பாடசாலையிற் பதினோராம் வகுப்பு வரை இருந்து, சாதாரண தரத்திற் கணிதஞ் சித்தியெய்தாது வெளியேறியவன். இரு தடவை பரீட்சை எழுதினான். இரு தடவையும் தவறினான். தாயார் நகை அடைவு வைத்து மேலதிக வகுப்பிற்கு அனுப்பினார். படிப்பு ஏறாதவன் என்று ஊரார் முடிவு கட்டினர். அவனும் அதனை ஒப்புக்கொண்டான்.

வேலைக்கு வந்த முதற்கிழமையில், தண்டின் விட்டத்தை வேணியர் இடுக்கியால் அளக்குமாறு எம் பழைய மாணவர் அவனைப் பணித்தார். அளவு பிழைத்தது. மறுமுறையும் பிழைத்தது. அவர் சினந்தாரல்லர், அளவை விட்டுவிட்டு, அவன் அளக்கும் வகையை நோக்கினார். கருவியை அவன் மூக்கின் நுனிவரை கொண்டுசென்று, ஒரு கண்ணை இடுக்கிப் படிப்பதைக் கண்டார். எதிர்ச்சுவரில் தொங்கிய நாட்காட்டியிற் கிழமையைப் படிக்கச் சொன்னார். அவனால் இயலவில்லை. அடுத்த நாளே கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்று, முதற்சம்பளத்திற்கு முன்பணமாகக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார்.

பதினோராண்டுகள் பின்வாங்கில் அமர்ந்திருந்த அவனுக்குக் கரும்பலகை என்பது கரியதொரு பலகையாகவே இருந்திருக்கின்றது. எல்லார்க்கும் அப்படியே தோன்றும் என்று அவன் எண்ணியிருந்தானாம். மேலதிக வகுப்பு, மறுபரீட்சை, வசவு என்று சீல் மேற் சீலாக மாற்றப்பெற்றது. ஆணி தேய்ந்தது எங்கே என்று ஒருவரும் நோக்கவில்லை. தட்டின் பரப்பையும் அமுக்கத்தையும் பெருக்கி உருளையின் வலியைக் காணும் கணக்கை, எம் உயர்தர மாணவர் தாளிற் செய்து முடிக்குமுன் அவன் வாயாற் கூறிவிட்டதை யாமே கேட்டோம். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக மீண்டும் தோற்றிக் கணிதத்தில் திறமைச் சித்தி பெற்றான் என்ற செய்தி பின்னர் வந்தது. "அண்ணை அளவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்" என்று அவன் எம்மிடங் கூறிய சொல்லை, ஆசிரியர் அறைச் சுவரில் எழுதிவைத்தாலுந் தகும்.

அவ்விளைஞனிடம் மற்றொன்றையுங் கண்டோம். உருளையை உள்ளும் புறமும் அறிந்த அவனுக்கு முசலம் என்ற சொல் தெரியாது. முசலம் என்ற சொல்லை மனனஞ் செய்த எம் மாணவர்க்கு அப்பொருள் தெரியாது. இருவரும் அன்று அரைமணி நேரத்தில் ஒருவர்க்கொருவர் ஆசிரியராயினர். அவன் சீல் என்றால் இவர்கள் அதன் பணியைக் கேட்டனர். இவர்கள் முசலம் என்றால் அவன் தட்டை எடுத்துக் காட்டினான். பண்டிதரும் விஞ்ஞானப் பட்டதாரியுமாய் விளங்கித் திருகோணமலையிலுங் கல்விப்பணி புரிந்த சுவாமி விபுலாநந்தர், 1936 ஆம் ஆண்டு சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர். அறிவியலைத் தமிழில் வழங்க அத்தகையோர் உழைத்த உழைப்பு, சொல் பரீட்சைத் தாளிலும் பொருள் பட்டறையிலுமாகப் பிரிந்து கிடத்தற்காகவோ? இரண்டையும் ஒரு மேசையில் இருத்துதல் தமிழாசிரியர் கடனுமாகும்.

உடனாசிரியர்க்கு ஒன்று கூறுவோம். மொழிப்பாடத்திலும் சீல் உண்டு, ஆணியும் உண்டு. மிகவேண்டிய இடத்தில் வல்லெழுத்தை விட்டெழுதும் மாணவன் பெரும்பாலும் வாய்விட்டுப் படியாதவன். ரகர றகரங்களை மயக்குபவன் செவியாற் கேட்டதையன்றிக் கண்ணாற் கண்டு பயிலாதவன். வாக்கியத்தை முடிக்கத் தெரியாதவனோ எழுதுமுன் எண்ணாதவன். மூவர்க்கும் சிவப்புக் கோடு ஒன்றே, மருந்து வெவ்வேறு. யாம் இப்பொழுது பிழையின் ஓரத்தில் அது பிறந்த வழியையும் இரண்டொரு சொல்லில் எழுதி வருகின்றோம். நேரம் சற்றே மிகுதியாகச் செல்கின்றது. ஆயினும், அதே பிழை மூன்று கிழமையில் மீளுதல் குறைந்திருக்கின்றது.

பழைய மாணவராகிய அன்பர்கட்கு ஒரு விண்ணப்பம். துறைமுகத்திலும் ஆலைகளிலும் பட்டறைகளிலும் பணிபுரியும் உங்களிடையே கழித்துப் போட்ட உருளைகள் பல கிடக்கும். அவற்றுள் ஒன்றை நீளவாட்டில் அறுத்து, உள்ளுறுப்புக்கள் யாவும் தெரியுமாறு கல்லூரித் தொழினுட்ப ஆய்வுகூடத்திற்கு உதவுங்கள். ஒவ்வோர் உறுப்பிற்கும் பாடநூற் பெயரையும் பட்டறைப் பெயரையும் அருகருகே எழுதி ஒட்டும் பணியை யாம் ஏற்கின்றோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமையேனும் தொழில்வல்ல பழைய மாணவர் ஒருவர் வந்து, மாணவர் கையாலேயே ஓர் உருளையைப் பிரித்துப் பூட்டச் செய்வாராயின், அது மண்டபங் கட்டுதலினுஞ் சிறிய கொடையன்று. இவ்வேலைத்தலத்தார் முதற் சனிக்கிழமைக்கு வர இசைந்துள்ளார். அவ்விளைஞனும் உடன் வருவான்.

மாணவச் செல்வங்களே, கையிற் கரி படியும் தொழிலைத் தாழ்வென எண்ணாதீர்கள். காரணங் காணும் கண் எங்கே உளதோ அங்கே கல்வி உளது. அது பட்டறையிலும் இருக்கும், பல்கலைக்கழகத்திலும் இருக்கும். விழாக் காணும் எம் கல்லூரி, திருந்தக் கற்றோரையும் திருத்த வல்லோரையும் இன்னும் பல தலைமுறைக்கு ஈன்று நீடு வாழ்வதாக.